பேர் சொல்லாத ஜெபம்

எங்கள் ஜெபவீட்டில் ஜெபம் நடக்கும்போது எல்லாரும் ஒரு கண்ணைத்தான் மூடுவோம். மற்றக் கண் லேசாகத் திறந்திருக்கும். தப்புத்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பொன்னையா கங்காணி ஜெபிக்கும்போது இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டிருக்க யாரால் முடியும்?

என் பேர் சலோமி. நான் சொல்லப்போவது ஐம்பத்தொன்பதாம் வருடம் நடந்தது. அப்போது எனக்குப் பதினொரு வயது. இலங்கையில், கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஐந்தாம் லயத்தில் இருந்தோம். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு அறைகள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம். அறையைக் காம்பரா என்போம். எங்களுடையது ஏழாம் காம்பரா.

தோட்டத்தில் முக்கால்வாசிப் பேர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். வேதக்காரக் குடும்பங்கள், அதாவது கிறிஸ்தவக் குடும்பங்கள், பதினான்குதான். எங்களுக்காகத் தோட்டத்துத் துரை, கொழுந்து நிறுக்கிற ஒரு பழைய மடுவத்தை விட்டுக் கொடுத்திருந்தார். அதுதான் ஜெபவீடு. தகரக் கூரை, சுண்ணாம்பு அடித்த சுவர், தரையில் சாக்கு. எங்கள் போதகரை ஐயர் என்று கூப்பிடுவோம். அவர் ஹட்டனிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். மற்ற நாட்களில் எல்லாவற்றையும் நடத்துகிறவர் பொன்னையா கங்காணி.

கங்காணி என்றால் மலையில் ஆட்களை வேலை வாங்குகிறவர். காலையில் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்தில், ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஏசுவார். சனிக்கிழமை சாயங்காலம் ஜெபவீட்டில் பேர் சொல்லாமல் ஏசுவார். அவ்வளவுதான் வித்தியாசம்.

"பரலோகப் பிதாவே, உமது பிள்ளைகளில் ஒருவன் இருக்கிறான். பேர் சொல்ல மாட்டேன், நீர் அறிவீர். மூன்றாம் லயம், நாலாம் காம்பரா. பெற்ற தாய்க்குச் சோறு போட மறுக்கிறான். அவனைத் தொட்டருளும்."

பேர் சொல்ல மாட்டாராம். லயத்தைச் சொல்வார், காம்பராவைச் சொல்வார், சில நாள் வாசலில் கட்டியிருக்கிற ஆட்டின் நிறத்தையும் சொல்வார். அதற்குப் பிறகு பேர் யாருக்கு வேண்டும்?

இது சளி, தடிமன் மாதிரி எல்லாருக்கும் தொற்றிக்கொண்டது. எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கதவோரம் உட்கார்ந்திருப்பவர் முதலில் ஜெபிப்பார். பிறகு பக்கத்தில் இருப்பவர், பிறகு அடுத்தவர் என்று ஒவ்வொருவராக ஜெபிப்போம். கடைசியில் கங்காணி முடித்து வைப்பார்.

"ஆண்டவரே, பீலியில என் கொடத்தத் தள்ளிவிட்டவள நீர் அறிவீர்" என்று பக்கத்துக் காம்பரா ராசம்மா அக்கா ஜெபிப்பாள். பீலி என்றால் நாங்கள் தண்ணீர் பிடிக்கிற இடம்.

இரண்டு பேர் தள்ளி இன்னொருத்தியின் முறை வரும். "ஆண்டவரே, பீலிய மறிச்சு நின்னுக்கிட்டு ஊர்க்கத பேசுறவளையும் நீர் அறிவீர்" என்பாள்.

நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஆமென் சொல்வோம். கூட்டத்துக்கு ஆள் குறையவே குறையாது. கொட்டுகிற மழையிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வருவார்கள். "நம்ம சபை எப்புடி வளருது பாத்தியா" என்று கங்காணி பெருமைப்பட்டுக்கொள்வார்.

சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் அது பிடித்திருந்தது. யார் நெளிகிறார்கள், யார் மூக்கைச் சிந்துகிறார்கள் என்று பார்த்துவைத்து, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடித்துக் காட்டுவேன். அம்மா சிரிக்க மாட்டாள்.

"நம்ம மொறை வர்றப்ப தெரியும்டி ஒனக்கு" என்பாள்.

எங்கள் முறையும் வந்தது.

ஐம்பத்தெட்டாம் வருடம் எங்களுக்கு ஒரு தங்கச்சிப் பாப்பா பிறந்தது. பத்தொன்பது நாள்தான் இருந்தது. எங்கள் வழக்கப்படி ஐயர் ஞானஸ்நானம் கொடுக்கும்போதுதான் பிள்ளைக்குப் பேர் வைப்போம். ஐயர் வருவதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதனால் பாப்பாவைப் பேர் இல்லாமலே புதைத்தோம். அப்பாதான் குழி வெட்டினார். வெட்டி முடித்துவிட்டு, குழிக்குப் பக்கத்திலேயே குப்புறப் படுத்துக்கொண்டார். அவருடைய முதுகு குலுங்கிக்கொண்டே இருந்தது.

என் அப்பாவின் பேர் அழகுமுத்து. மலையில் கவ்வாத்து வேலை, தேயிலைச் செடியை வெட்டி விடுகிற வேலை. அவர் குடிக்கிற ஆளே இல்லை. ஆனால் பாப்பாவைப் புதைத்த ஏழாம் நாள் குடித்துவிட்டு, தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓடுகிற கானில் விழுந்து கிடந்தார். நானும் அம்மாவும் போய்த்தான் தூக்கிக்கொண்டு வந்தோம்.

அந்தச் சனிக்கிழமை கங்காணி கண்ணை மூடினார். நான் வழக்கம்போல யார் என்று பார்க்க ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"பரலோகப் பிதாவே, பேர் சொல்ல மாட்டேன். ஐந்தாம் லயம், ஏழாம் காம்பரா."

அது எங்கள் காம்பரா என்பதே எனக்கு உடனே உறைக்கவில்லை.

"பிள்ளையைப் புதைத்து எட்டு நாள் ஆகவில்லை. குடித்துவிட்டுக் கானில் கிடந்தான். இப்படிப்பட்டவன் கையில் பிள்ளை எப்படித் தங்கும்? அவனைத் தொட்டருளும்."

அப்பா எழுந்தார். ஜெபத்துக்கு நடுவில் யாரும் எழுந்து நடக்க மாட்டார்கள். அப்பா நடந்தார். செருப்பில்லாத கால், சாக்கின் மேல் சத்தமே கேட்கவில்லை. ஆனாலும் எல்லாத் தலையும் அவர் போகிற பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன். அங்கே இருந்த ஒவ்வொருவர் மேலும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என் மேலும் வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும்.

அதற்குப் பிறகு அப்பா குடியைத் தொடவே இல்லை. ஜெபவீட்டுப் பக்கமும் போகவில்லை. அம்மாவும் நானும் மட்டும் போய்வந்தோம்.

ஒரு வருடம் போனது. எங்களுக்கு ஒரு தம்பி பிறந்தான். பூனைக்குட்டி அளவுதான் இருந்தான். அவன் அழுதால் அடுத்த காம்பராவுக்குக்கூடக் கேட்காது. அம்மாவுக்குப் பாலும் பற்றவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஐயர் வருகிறார் என்று தகவல் வந்தது.

"ஏங்க, ஞானஸ்நானத்துக்குப் புள்ளய நீங்க தூக்கிக்கிட்டு நின்னாத்தான் ஐயர் வாங்குவாங்க" என்றாள் அம்மா.

"நீயே தூக்கிட்டுப் போ" என்றார் அப்பா.

"அப்பன் இருக்கிறப்ப நான் எப்புடிங்க தனியா போயி நிக்கிறது?"

"அந்தாளு இருக்கிற எடத்துல நான் கால் வைக்க மாட்டேன், பாக்கியம். அடுத்த தடவ ஐயர் வர்றப்ப பாத்துக்குவோம்."

"அடுத்த தடவன்னா மூணு மாசம். அது வரைக்கும் இது இருக்குமா?"

தொட்டிலில் தம்பி இருமினான். இவனையும் பேர் இல்லாமல் புதைத்துவிடுவோமோ என்று பயந்தேன். எல்லாம் அந்தக் கங்காணியால் வந்த வினை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கங்காணியைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும். யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவருடைய இளைய மகனுக்குக் காய்ச்சல். பிழைக்கமாட்டான் என்று பேசிக்கொண்டார்கள். அந்த வாரம் ஒரு நாள் விடிய நான் விறகு பொறுக்கப் போனேன். மலைச் சரிவில், மரத்தடியில் முனியாண்டி சாமி இருக்கிறது. அங்கே கங்காணி தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். உடைத்துவிட்டு அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டார். பயத்தில் என் கையிலிருந்து விறகு விழுந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஓடிவிட்டேன்.

இதிலே என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். முனியாண்டியை எத்தனையோ பேர் கும்பிடுகிறார்கள், அது அவர்கள் சாமி. ஆனால் ராசம்மா அக்கா தன் பிள்ளைக்குத் தாயத்துக் கட்டியதற்கு, மூன்று சனிக்கிழமை விடாமல் அவளை ஜெபத்தில் வறுத்து எடுத்தவர் இந்தக் கங்காணிதான்.

சனிக்கிழமை ஜெபத்தில் இதைப் போட்டு உடைப்பது என்று முடிவு செய்தேன். தேயிலைக்கு நடுவே நின்று சத்தமாகச் சொல்லிப் பழகினேன். "பரலோகப் பிதாவே, ஒருத்தர் இருக்கிறார். பேர் சொல்ல மாட்டேன். இரண்டாம் லயம், முதலாம் காம்பரா." கங்காணி குரல்கூட எனக்கு நன்றாக வந்தது. தேங்காய் எத்தனை துண்டாக உடைந்தது என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஜெபவீடு நிறைந்திருந்தது. என் முறை வந்தது. கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றேன்.

"பரலோகப் பிதாவே, ஒருத்தர் இருக்கிறார். பேர் சொல்ல மாட்டேன்."

சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் நெளிந்தார்கள். சின்னப் பெண் யாரைச் சொல்லப்போகிறாள்? கங்காணியும் ஒரு கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது.

அவருடைய கை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகனின் தோளைப் பிடித்துக்கொண்டது. காய்ச்சல் விட்டு இத்தனை நாள் ஆகியும் அந்தப் பையன் குச்சி மாதிரிதான் இருந்தான். அன்றைக்கு முனியாண்டிக்கு முன்னால் கங்காணி விழுந்து கிடந்தது ஞாபகம் வந்தது. அவருடைய முதுகும் குலுங்கிக்கொண்டுதான் இருந்தது. குழிக்குப் பக்கத்தில் அப்பா கிடந்ததும் அப்படித்தான்.

நான் பழகி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வாயில் வேப்பங்கொழுந்தாகக் கசந்தன. சொல்ல முடியவில்லை. ஆனால் ஜெபத்தைத் தொடங்கியாயிற்று, பாதியில் உட்கார முடியாது. வேறு என்ன சொல்வது என்று யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. இத்தனை சனிக்கிழமை ஜெபித்திருக்கிறேன், ஒரு தடவைகூட நான் ஆண்டவரிடம் எதுவும் பேசியதே இல்லை. பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கத்தான் பேசியிருக்கிறேன்.

இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டேன்.

"ஆண்டவரே" என்றேன். பிறகு வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினேன். "ஒங்ககிட்ட எப்புடிப் பேசுறதுன்னு எனக்குத் தெரியல. நாங்க இங்க வந்து ஒருத்தர ஒருத்தர் ஏசிக்கிட்டு இருந்தோம். நானும் சிரிச்சேன். எங்க பாப்பா ஒங்ககிட்டதான் இருக்கா? அதுக்குப் பேர் வைக்கல, நீங்க என்னன்னு கூப்புடுறீங்கன்னு தெரியல. தம்பிக்குப் பால் பத்தல. எனக்குப் பயமா இருக்கு. எங்கப்பா நல்லவங்க. ஆமென்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. சொல்ல மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. தகரத்தின் மேல் தூறல் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

எனக்கு அடுத்தது ராசம்மா அக்கா. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொடங்கினாள்.

"ஆண்டவரே, எங்க பிரஜா உரிமை மனுவத் தள்ளிப்புட்டாங்க. இந்தியாவுக்கு ஏத்தி விட்டுருவாங்கன்னு சொல்றாங்க. அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது. தூக்கமே வர மாட்டேங்குது."

பீலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்தப் பாரத்தை வைத்துக்கொண்டா இவள் இத்தனை நாள் குடத்துக்குச் சண்டை போட்டாள்? பிறகு ஒவ்வொருவரும் ஒரு வரி, இரண்டு வரிதான் ஜெபித்தார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் அழுதார்கள். கங்காணியின் முறை வந்தபோது அவர் பரமண்டல ஜெபத்தை மட்டும் சொல்லி முடித்தார். அதிலும் பாதியில் தடுமாறினார்.

நாங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அவரும் பின்னாலேயே வந்துவிட்டார். அப்பா வாசலில் உட்கார்ந்து கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"அழகுமுத்து" என்றார் கங்காணி தாழ்ந்த குரலில். "அன்னைக்கு நான் அப்புடிச் சொல்லியிருக்கக் கூடாது. மனசுல வச்சுக்காத. நாளைக்குப் புள்ளயத் தூக்கிட்டு வா."

அப்பா கத்தியைக் கீழே வைத்தார்.

"எல்லாரும் கேக்க ஏசுனீங்க, கங்காணி. மன்னிப்பு மட்டும் காதோட காதா?"

கங்காணி வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"வீடு தேடி வந்துட்டாருல்ல? இன்னும் என்னங்க வேணும்?"

"போதாது பாக்கியம்" என்றார் அப்பா. அவ்வளவுதான். மறுபடியும் கத்தியைத் தீட்டத் தொடங்கினார்.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நெஞ்சைத் திறந்து ஜெபித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதானே சொல்கிறார்கள்? ஒன்றும் சரியாகவில்லை. அப்பா மேலும் கோபம், ஆண்டவர் மேலும் கோபம். அழுதுகொண்டே தூங்கிப்போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் தூறல் விடவில்லை. அம்மா தம்பியைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டாள். அப்பா வேட்டியை மாற்றிக்கொண்டு எங்களுக்குப் பின்னால் நடந்தார். ஆனால் ஜெபவீட்டு வாசலோடு நின்றுவிட்டார். எதிரில் இருந்த சவுக்கு மரத்தடியில் போய் நின்றுகொண்டார்.

பாட்டு முடிந்தது. வேதபாடம் முடிந்தது. முன்னால் ஒரு முக்காலி, அதன் மேல் வெள்ளைப் பீங்கான் தட்டில் தண்ணீர். ஐயர் அம்மாவைக் கூப்பிட்டார்.

"தகப்பன் எங்கே?"

அம்மா குனிந்துகொண்டாள். எல்லாரும் சாக்கைப் பார்த்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கங்காணி வாயைத் திறந்தார். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார்.

நான் எழுந்தேன். "ஐயா, அப்பா வெளிய இருக்காங்க. உள்ள வர மாட்டாங்க."

"ஏன்?"

ஒரு வார்த்தை போதும், கங்காணியைக் கை நீட்டிக் காட்டியிருக்கலாம். எனக்கு அது வேண்டாம் என்று பட்டது.

"அத அவங்களாத்தான் சொல்லணும் ஐயா. ஆனா தண்ணி வெளிய வரலாம்ல?"

ஐயரின் புருவம் உயர்ந்தது. "ஞானஸ்நானம் வெளியேயா?"

"இயேசு ஞானஸ்நானம் வாங்குன யோர்தான் ஆறும் வெளியதானே ஐயா இருந்துச்சு?"

ஐயர் என்னைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். மழையையும் பார்த்தார். "யோர்தானுக்குக் கூரை இல்லைதான்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

தட்டை நான்தான் தூக்கினேன். கால்வாசித் தண்ணீர் என் பாவாடையில் ஊற்றிக்கொண்டது. என்னைக் கண்டதும் அப்பா ஓர் அடி பின்னால் நகர்ந்தார். பிறகு என் பின்னால் அம்மா வருவதைப் பார்த்தார், ஐயர் வருவதைப் பார்த்தார், பதினான்கு குடும்பமும் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்தார். நகராமல் நின்றார். அம்மா தம்பியை அவர் கையில் கொடுத்தாள். ராசம்மா அக்கா ஐயருக்குக் குடை பிடித்தாள்.

கங்காணி மட்டும் வரவில்லை. திறந்த கதவு வழியாகப் பார்த்தேன். யாருமில்லாத ஜெபவீட்டில் முன்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

ஐயர் புத்தகத்தைத் திறந்தபோது அவர் எழுந்து வெளியே வந்தார். குடை இல்லை, கம்பளி இல்லை.

"ஐயா, ஒரு நிமிசம்" என்றார். பெரட்டுக் களத்தில் கூப்பிடுகிற அதே பெரிய குரல், ஆனால் உடைந்திருந்தது. "போன வருசம் ஜெபம்னு சொல்லிக்கிட்டு இவர எல்லாருக்கும் முன்னால ஏசினேன். புள்ளயப் பறிகொடுத்த மனுசன். இவரு கையில புள்ள தங்காதுன்னு சொன்னேன். அத நான் ஆண்டவருகிட்ட சொல்லல. இங்க இருக்கிறவங்க கேக்கணும்னுதான் சொன்னேன். என் புள்ள சாகக் கெடந்தப்ப நானும் முனியாண்டி கால்ல போயி விழுந்தேன். பயந்துபோயித்தான் விழுந்தேன். அதையும் சொல்லிர்றேன்."

அப்பா அவரைப் பார்த்தார். மன்னித்தேன் என்று சொல்வார் என நான் காத்திருந்தேன். சொல்லவில்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

"புள்ள நனையுது ஐயா" என்றார் அப்பா. "ஆரம்பிங்க."

ஐயர் தம்பியின் தலையில் மூன்று தடவை தண்ணீர் விட்டு, சாமுவேல் என்று பேர் வைத்தார். தம்பி வீரிட்டு அழுதான். அவ்வளவு பெரிய சத்தம் அவனுக்குள் இருந்தது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

"தகப்பன் ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுங்கள்" என்றார் ஐயர்.

அப்பா ஜெபித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கண்ணை மூடினார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நாங்கள் மழையில் காத்துக்கொண்டு நின்றோம்.

"ஆண்டவரே" என்றார் கடைசியில். "இவனயாவது விட்டு வைங்க."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. நாங்கள் எல்லாரும் ஆமென் சொன்னோம். கங்காணியும் சொன்னார்.

அந்தச் சாமுவேல் இப்போது முதலாம் வகுப்புப் படிக்கிறான். என் பென்சில் எல்லாவற்றையும் கடித்து வைக்கிறான். ஆனால் அன்றைக்கு இது யாருக்கும் தெரியாது. அப்பாவின் கையில் அவன் தலை நனைந்து, நடுங்கிக்கொண்டிருந்தான். கங்காணி தோளில் கிடந்த துண்டை எடுத்தார். அதில் நனையாத ஒரு மூலையைத் தேடிப் பிடித்து அப்பாவிடம் நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

அப்பா அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. துண்டை வாங்கி, தம்பியின் தலையைத் துவட்டினார்.